நேற்று எத்தனை லிட்டர் கசடு எடுத்தீர்கள்?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் பெரும்பாலான ஊர்களுக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. வீடுகளுக்குச் செப்டிக் டேங்க். மருத்துவக் கல்லூரி, மாணவர் விடுதி, கல்யாண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பு, தொழிற்பேட்டைக் கம்பெனி என்று கொஞ்சம் பெரிய இடமாக இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அரியூரில் தொடங்கிக் கிருமாம்பாக்கம் வரைக்கும் இப்படிக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், சின்னச் சின்னச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை காற்றூதி நுண்ணுயிர்க் கசட்டை வளர்த்து அதைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்பவை.

நாற்றம் அடிக்கிறது, நுரை பொங்கி நடைபாதைக்கு வந்துவிட்டது, வெளியேறும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் எடுத்த மாதிரி தேறவில்லை. இதில் எந்தக் குறையைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நேற்று எத்தனை லிட்டர் கசடு வெளியே எடுத்தீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. "எடுக்கணுமா சார்? ரிட்டர்ன் பம்ப்பு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்பார் ஆபரேட்டர். தங்கிய கசட்டைத் திரும்ப உள்ளே அனுப்பும் பம்ப் அது. அவரைக் குறை சொல்லவில்லை. பிளான்ட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் காற்றூதும் புளோயரை எப்படிப் போடுவது, மோட்டார் டிரிப்பானால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கசட்டைக் கணக்குப் பார்த்து எடுக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு.

கழிவுநீரில் காற்றை ஊதினால் அழுக்கு கரையும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த சங்கதி. ஆனால் ஒரு பாட்டில் கழிவுநீர் முழுதாகத் தெளிய ஏறக்குறைய ஐந்து வாரம் ஊத வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து டேவிஹூல்ம் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர், பாட்டிலின் அடியில் தங்கிய கசட்டைக் கொட்டாமல் அப்படியே விட்டுவைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்துவிட்டுப் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்ததில் கசடு சேரச் சேர நேரம் குறைந்தது. கடைசியில் ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. 1914 ஏப்ரலில் இதை அவர்கள் உலகுக்குச் சொன்னார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, பிறகு அந்த ஊரிலேயே வாழ்ந்தார். ஆக, இந்தத் தொழில்நுட்பம் நம் பக்கம் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. கசட்டைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பதை நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். அளவுக்கு மேல் சேர்ந்ததைத் தினமும் கழிக்க வேண்டும் என்பதைத்தான் விட்டுவிட்டோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்நூறு மாணவர் தங்கும் விடுதி. ஆளுக்கு 100 லிட்டர் வீதம் நாளுக்கு 50,000 லிட்டர் கழிவுநீர். அதில் ஆளுக்கு 27 கிராம் பி.ஓ.டி. (நுண்ணுயிர் தின்று சிதைக்கும் அழுக்கின் அளவுகோல்) என்று வைத்தால் 13.5 கிலோ, சமையலறைக் கழிவும் சேர்ந்தால் இன்னும் கூடும். இதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தினம் ஏழெட்டுக் கிலோ புதுக் கசட்டை உண்டாக்குகின்றன. ஈரத்தோடு அல்ல, காய்ந்த எடையில். அது எங்கேயாவது போயாக வேண்டும். நீங்கள் எடுக்காவிட்டால் சில வாரம், காற்றூதும் ஏரேஷன் டேங்கில் சேரும். அதற்கு மேல் டேங்க் தாங்காது. கசட்டை அடியில் தங்கவைக்கும் செட்லிங் டேங்கின் விளிம்பு வழியாகத் தானாகவே வெளியே போகும். எட்டுக் கிலோவை 50,000 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 160 மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள். 2017-ல் மத்திய அரசு அறிவித்த விதிப்படி பெருநகரம் அல்லாத ஊர்களுக்கே இந்த வரம்பு 100; பி.ஓ.டி. 30. பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் அதையும் இறுக்கி, திடப்பொருள் 20, பி.ஓ.டி. 10 என்று சொன்னது. உங்களுக்கு எது பொருந்தும் என்பது உங்கள் அனுமதிக் கடிதத்தில் இருக்கும், எடுத்துப் படித்துவிடுங்கள். எந்த வரம்பாக இருந்தாலும், கசடு எடுக்காத பிளான்ட் அதைத் தாண்டத்தான் செய்யும். புளோயரை மாற்றினாலும் தீராது, பாக்கெட்டில் விற்கும் பாக்டீரியாப் பொடியை வாங்கிப் போட்டாலும் தீராது.

எவ்வளவு எடுப்பது? லேப் வசதி இல்லாத இடத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. கசடு டேங்குக்குள் சராசரியாக எத்தனை நாள் இருக்க வேண்டும் (இதுதான் கசட்டின் வயது) என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஏரேஷன் டேங்கின் கொள்ளளவை அந்த நாளால் வகுத்தால் வரும் லிட்டரைத் தினமும் ஏரேஷன் டேங்கிலிருந்தே, புளோயர் ஓடும்போதே, எடுத்துவிடுங்கள். 50,000 லிட்டர் டேங்க், 20 நாள் என்றால் தினம் 2,500 லிட்டர். கசட்டின் அடர்த்தி எவ்வளவு என்று அளக்கவே வேண்டாம். கூடினால் கூடவும் குறைந்தால் குறையவும் அதுவாகவே சரிசெய்துகொள்ளும். தண்ணீர் அதிகமாக வருகிறது, உலர்த்தும் பாத்தி தாங்காது என்றால் செட்லிங் டேங்கின் அடியிலிருந்து எடுக்கலாம். அங்கே கசடு இரண்டு மூன்று மடங்கு அடர்த்தியாக இருக்கும். ஆயிரம் லிட்டர் சுமாருக்கு எடுத்தால் போதும். ஆனால் அடியிலிருந்து எடுக்கும்போது அடர்த்தி நாளுக்கு நாள், ஏன், மணிக்கு மணி மாறும். வாரத்துக்கு இரண்டு முறையாவது அளந்து பார்க்க முடிகிறவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

எதுவானாலும் தினமும் எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை லாரி வரவழைத்துப் பாதி டேங்கைக் காலி செய்கிற வழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. அது மிகவும் தவறு. ஒரே நாளில் பாதி நுண்ணுயிர் போய்விட்டால் மறுநாள் வரும் அழுக்கைத் தின்ன ஆளில்லை. ஒரு வாரத்துக்கு வெள்ளை நுரை பொங்கும், தண்ணீர் கலங்கும்.

ஒரு லிட்டர் ஜார்

எஸ்.டி.பி. வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் வாங்கச் சொல்வது ஒரு லிட்டர் அளவு ஜார் ஒன்றும் கோடு போட்ட நோட்டு ஒன்றும். தினம் ஒரே நேரத்தில், புளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏரேஷன் டேங்கின் நடுப்பகுதியிலிருந்து ஜார் நிறைய மொண்டு, நிழலான இடத்தில், ஆடாத தரையில் வையுங்கள். மொண்ட கையோடு வைக்க வேண்டும். பக்கெட்டில் பிடித்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து ஊற்றினால் அந்த அளவு பொய்.

கசடு நல்ல நிலையில் இருந்தால் முதல் இரண்டு நிமிடத்தில் பழுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகத் திரளும். பிறகு மேலே ஒரு தெளிவான கோடு விழும். அந்தக் கோடு சீராகக் கீழே இறங்கும். அரைமணி கழித்து 250-லிருந்து 400 மில்லிக்குள் நின்றால் நல்லது. நிறம் நல்ல பழுப்பு. முகர்ந்தால் மண்வாசனை வரவேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் படபடவென்று கீழே உட்கார்ந்து, மேலே தூசு தூசாக மிதந்தால் கசடு கிழடாகிவிட்டது; எடுக்கும் அளவைக் கூட்ட வேண்டும். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை.

அரைமணி ஆகியும் 900-ல் நிற்கிறது என்றால்தான் பலருக்குக் குழப்பம். "தண்ணி மேல நல்லாத் தெளிவா இருக்கு சார், ஆனா எறங்க மாட்டேங்குது" என்பார்கள். இதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். மருந்து வேறு வேறு. கூட்டம் அதிகமாகி இறங்க இடமில்லாமல் நிற்கலாம். அல்லது நூல் நூலாக வளரும் பாக்டீரியா பெருகி, துகள்களை ஒன்றுக்கொன்று நெருங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் தேவையில்லை. இரண்டாவது ஜாரில் பாதிக்குக் கசட்டு நீரும் பாதிக்குச் சுத்திகரித்த தண்ணீரும் ஊற்றி மெதுவாகக் கலந்து, அதையும் அரைமணி வையுங்கள். இப்போது 250, 300-க்கு இறங்கிவிட்டால் கூட்டம்தான் பிரச்சினை. கசட்டை எடுத்தால் போதும். அப்போதும் 700-லேயே நின்றால் நூல் பாக்டீரியா. காற்று எங்கே குறைகிறது, எண்ணெய் எங்கிருந்து வருகிறது, அழுகிய கழிவுநீர் எங்கே தேங்கி உள்ளே நுழைகிறது என்று தேட வேண்டும். இந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு ஜார்தான். இதைச் செய்து பார்க்காமல் ரசாயனம் ஊற்றச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

ஜாரை அரைமணியோடு கவிழ்த்துவிடாமல் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். அடியில் தங்கிய கசடு சில சமயம் பொத்தென்று மேலே கிளம்பி வரும். ஒரு குச்சியால் லேசாகக் குத்தினால் குமிழிகள் வெளியேறி, அது திரும்பக் கீழே போய்விடும். செட்லிங் டேங்கின் மேல் திட்டுத் திட்டாகக் கசடு மிதப்பதன் காரணம் இதுவே. இந்தக் கசடு கெட்டதல்ல. நம் ஊர் வெயில் செய்கிற வேலை இது.

வெயில் தேசத்துக் கணக்கு

கையேடுகளில் இருக்கும் எண்கள் பல குளிர்நாட்டில் எழுதியவை. சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துக் கழிவுநீர் 30 டிகிரிக்குக் குறையாது. அந்த வெப்பத்தில் தண்ணீர் தாங்கும் ஆக்ஸிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். 20 டிகிரியில் ஒன்பது. உயிர்களுக்கோ வெயிலில் பசி அதிகம். எனவே காற்று போதாமல் போவது இங்கே சீக்கிரம் நடக்கும். இன்னொரு பக்கம், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா, குளிர்நாட்டில் கெஞ்சிக் கூத்தாடி வளர்க்க வேண்டியது, இங்கே நீங்கள் வேண்டாம் என்றாலும் வளர்ந்துவிடும். அந்த நைட்ரேட் செட்லிங் டேங்கின் அடியில் காற்றில்லாமல் கிடக்கும்போது நைட்ரஜன் வாயுவாகிக் கசட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. குச்சியால் குத்தும்போது போகும் குமிழி அதுதான்.

இதற்கு என் யோசனை: கசட்டின் வயதை 20, 25 நாளுக்கு இழுக்காமல் 12-லிருந்து 15 நாளுக்குள் வையுங்கள். நான் சொன்ன விடுதிக்கு 12 நாள் என்றால் டேங்கில் கசடு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் சுமாரில் நிற்கும். "3,500 இருக்கணும்னு மேனுவல்ல போட்டிருக்கே" என்று பயப்பட வேண்டாம். அம்மோனியாவும் பி.ஓ.டி.யும் இறங்கினால் உங்கள் எண் சரியாகத்தான் இருக்கிறது என்று பொருள். ரிட்டர்ன் பம்ப்பை இடைவிடாமல் ஓட்டி, செட்லிங் டேங்கில் கசடு ஒரு மணி, ஒன்றரை மணிக்கு மேல் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புளோயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவு முழுக்க அணைத்துவிடுகிறார்கள். எட்டு மணி நேரம் காற்றில்லாமல் கிடந்த கசடு காலையில் கறுத்திருக்கும். நல்ல பாக்டீரியா மயங்கிப்போய், நூல் பாக்டீரியாவும் கந்தக வாயுவை உண்டாக்குபவையும் இடம்பிடிக்கும். மிச்சப்படுத்த வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. ஒன்றரை மணி ஓட்டி, முக்கால் மணி நிறுத்துங்கள். திரும்ப ஒன்றரை மணி. நிறுத்திய நேரத்தில் பாக்டீரியா, ஏற்கெனவே உண்டான நைட்ரேட்டிலிருந்தே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். மின்சாரம் மிச்சமாகும், கசடு மிதப்பது குறையும், நைட்ரஜன் வரம்பும் கைக்குள் வரும். நைட்ரேட் உண்டாகும்போது தண்ணீரின் காரத்தன்மை குறைந்து பி.எச். சரியும், அதில் பாதி இந்த முறையில் திரும்பக் கிடைக்கும். டைமர் ஒன்று வாங்கிப் பொருத்தும் செலவுதான். காற்றைக் குமிழியாக்கி விடும் டிஃப்யூசர் அடைத்துக்கொள்ளாத ரப்பர் சவ்வு வகையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆக்ஸிஜன் மீட்டர் இருந்தால் காற்று ஓடும்போது ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிகிராம் காட்ட வேண்டும்.

முகூர்த்தமும் ஆடி மாதமும்

கல்யாண மண்டபத்து எஸ்.டி.பி. ஒரு தனி ஜாதி. வைகாசி, ஆவணி முகூர்த்த நாளில் ஆயிரம் பேர் சாப்பிட்டுக் கை கழுவுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். ஒரு நாள் விருந்து, ஒரு மாதம் பட்டினி. இதை எந்த நுண்ணுயிரும் தாங்காது. டிசைன் செய்யும்போதே ஈகுவலைசேஷன் டேங்கைப் பெரிதாக, முகூர்த்த நாளின் மொத்தத் தண்ணீரையும் பிடித்துவைக்கும் அளவுக்குக் கட்டியிருக்க வேண்டும். பிறகு அதை மூன்று நாளுக்குப் பிரித்து உள்ளே விடலாம். கட்டாமல் விட்டவர்கள் இனிமேலாவது சிமென்ட் வளையத்திலோ பிளாஸ்டிக் டேங்கிலோ கூடுதல் இடம் செய்துகொள்ளுங்கள். புளோயருக்குச் செலவழிப்பதைவிட இது உருப்படியான செலவு.

ஆடி, மார்கழியில் செய்ய வேண்டியது வேறு. மண்டபம் மூடும் வாரத்தில் கசட்டில் பாதியைப் படிப்படியாக எடுத்துவிடுங்கள். பட்டினியில் கிடக்கும் பெருங்கூட்டத்தைவிடச் சிறு கூட்டம் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். புளோயரை மூன்று மணிக்கு ஒரு முறை அரைமணி நேரம் ஓட்டினால் போதும். வாட்ச்மேன் குடும்பம் அங்கேயே இருந்தால் அவர்கள் வீட்டுக் கழிவுநீர் அதற்குத் தீனி. கல்லூரி விடுதிகளுக்கும் செமஸ்டர் லீவில் இதே யோசனைதான்.

சமையற்கட்டில் கவனிக்க வேண்டியது இரண்டு. எண்ணெய்ப் பொறியைத் தினமும் வழித்தெடுக்க வேண்டும்; வாரம் ஒருமுறை என்பது போதாது. வடித்த கஞ்சியைச் சாக்கடையில் விடவே கூடாது. கஞ்சி முழுக்க மாவுச்சத்து. அதைத் தின்னும் பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் போதாமல் கசடு வழவழவென்று பசையாகி இறங்க மறுக்கும். பாகூர்ப் பக்கம் மாடு இல்லாத தெரு இல்லை. ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் யாராவது வந்து நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு போவார்கள்.

கழிவறை கழுவ ஆசிட்டும் பினாயிலும் வாளிக் கணக்கில் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்த விடுதியையும் கழுவினால் திங்கட்கிழமை ஜாரில் அதன் விளைவைப் பார்க்கலாம்: மேலே பால் நிறத்தில் கலங்கல். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்பும் ஒரு தொல்லை. கிணற்றுநீர் உவர்ப்பு என்று ஆர்.ஓ. மெஷின் வைத்து, அதன் கழிவை ஒரே மூச்சில் எஸ்.டி.பி.க்குள் திறந்துவிடுகிறார்கள். நுண்ணுயிர் உப்புக்குப் பழகும், ஆனால் மெல்ல மெல்லத்தான். திடீர் உப்பு அதைக் கொன்றுவிடும்.

கசடு செத்துவிட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் என்ன செய்வது? சாணி, வெல்லம் என்று கரைத்து ஊற்றும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. மாட்டின் வயிற்றில் இருப்பவை காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா. காற்றூதும் டேங்கில் அவற்றுக்கு வேலை இல்லை. வெல்லம் நூல் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. பாலுக்கு உறைமோர் விடுவதுபோல, நன்றாக ஓடும் வேறொரு எஸ்.டி.பி.யிலிருந்து ஒரு லாரி கசட்டை வாங்கி வந்து ஊற்றுங்கள். பத்து நாளில் பிளான்ட் எழுந்து நிற்கும். எடுத்து வரும் இடத்தின் ஜாரை முதலில் பார்த்துவிட்டு எடுங்கள். நூல் பாக்டீரியா பெருகிய கசட்டை வாங்கி வந்தால் அந்த நோயும் கூடவே வரும்.

மழைக்கு முன்

எடுத்த கசட்டை எங்கே போடுவது என்ற இடத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது. பாத்தி நிரம்பிவிட்டது, அதனால் எடுக்கவில்லை என்பார்கள். மேலே சொன்ன விடுதிக்குத் தினம் ஆயிரம் லிட்டர் என்றால், 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்ற நாலு சதுர மீட்டர் வேண்டும். கோடையில் பத்து நாளில் காயும். ஆக நாற்பது சதுர மீட்டர், பத்துப் பாத்தியாகத் தடுத்தது. ஊற்றும் முன் ஒரு கூம்பு அடி டேங்கில் நாலைந்து மணி நேரம் விட்டு மேல்நீரை வடித்துத் திருப்பி அனுப்பினால் இதில் பாதி இடம் போதும். மணல் மேல் சுரண்டும்போது கசட்டோடு மணலும் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மணல் நிரப்ப வேண்டும். இதை மறந்த பாத்தியில் தண்ணீர் இறங்காது.

ஐப்பசி, கார்த்திகையில் எந்தத் திறந்த பாத்தியும் காயாது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி ஒரு மழையில் செட்லிங் டேங்கில் கசடு நிரம்பிக் கிடந்தால் அது முழுவதும் வாய்க்காலுக்குப் போய்விடும். புரட்டாசி பிறந்தவுடன் கசட்டின் வயதை இரண்டு மூன்று நாள் குறைத்து, டேங்கை இலகுவாக்குங்கள். பாத்திக்கு மேல் வெளிச்சம் புகும் ஷீட் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து வையுங்கள். மழைநீர்க் குழாய் எதுவும் எஸ்.டி.பி.க்குள் வரக் கூடாது. மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் இணைத்திருக்கும் கட்டடங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வாய்க்காலுக்குப் போனால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சங்கராபரணி முகத்துவாரம் நெருங்கும்போது சுண்ணாம்பாறு என்று பெயர் பெறுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் வெளியிட்ட, நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் சுண்ணாம்பாறும் இருந்தது. பாகூர் ஏரிக்கும் ஊசுட்டேரிக்கும் நீர் தரும் வாய்க்கால்கள் நம் வீட்டோரமாகத்தான் ஓடுகின்றன. குடிநீருக்குப் புதுச்சேரி நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. ஏரியில் இறங்குவது நம் போர்வெல்லில் ஏறும்.

காய்ந்த கசடு நல்ல உரம். ஆனால் குடல்புழுவின் முட்டை அதில் பல மாதம் உயிரோடு இருக்கும். கீரைக்கும் காய்கறிக்கும் போடாதீர்கள். சவுக்குத் தோப்புக்கும் மரங்களுக்கும் போடலாம், அதுவும் ஆறு மாதம் குவித்துக் காய்ந்த பிறகு. மருத்துவமனைக் கசட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி அதைப் பொது மருத்துவக் கழிவு நிலையத்தில் எரிக்கவோ அபாயக் கழிவு நிலையத்தில் சேர்க்கவோ கொடுத்தாக வேண்டும்.

செப்டிக் டேங்க் லாரி

பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்க் லாரியை "நம்ம பிளான்ட்லயே ஊத்திக்கட்டும்" என்று அனுமதிக்கும் பெருந்தன்மை வேண்டாம். 5,000 லிட்டர் லாரி ஒன்றில் பி.ஓ.டி. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் இருந்தால் மொத்தம் 25 கிலோ. ஐந்நூறு பேர் விடுதியின் இரண்டு நாள் சுமை ஒரே கொட்டில் இறங்கும். ஆனால் அந்த லாரி வேறு எங்கே போகும்? இதற்குக் கொம்யூன் அளவில் விடை வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017 முதல் மலக்கசட்டுக்கென்றே ஒரு நிலையம் இயங்குகிறது. நாளுக்குச் சுமார் 23,000 லிட்டர் கையாளும் அளவில், உலர்த்தும் பாத்திகளோடு, பக்கத்து மதுராந்தகத்துக்கும் சேர்த்துக் கட்டியது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் ஆளுக்கொன்று அப்படி வந்தால் லாரிகள் இரவில் வாய்க்கால் தேட வேண்டியிராது.

ஆபரேட்டர் வைக்க முடியாத, மின்வெட்டு அதிகமான இடங்களுக்குப் புளோயர் பிளான்ட்டையே நான் சிபாரிசு செய்வதில்லை. தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு சுத்திகரிப்பு நிலையம் நாளுக்குச் சுமார் மூன்று லட்சம் லிட்டர் அளவில், 2003 முதல், காற்றூதாமல் வேலை செய்கிறது. வண்டல் தொட்டி, தடுப்புச் சுவர்கள் வைத்த காற்றில்லா அறைகள், செடி நட்ட ஜல்லிப் படுகை, கடைசியில் வெயில் படும் குளம். சுத்தமான தண்ணீர் தோட்டத்துக்குப் போகிறது. இடம் கொஞ்சம் அதிகம் வேண்டும். கிராமத்தில் அது கஷ்டமில்லை. ஆனால் அங்கும் கசடு உண்டு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அறைகளிலிருந்து எடுக்க வேண்டும். அடுத்த தலைமுறை நுண்ணுயிருக்காகக் கால் பங்கை உள்ளேயே விட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்யும்போது ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் சாக்கடைக் குழாயிலிருந்து கழிவறை வழியே வந்த விஷவாயு மூன்று பேரின் உயிரைக் குடித்தது. காற்றில்லாமல் அழுகும் கசட்டிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அத்தகைய வாயுதான். அளவு கூடும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும். அதனால் "நாத்தம் இல்ல, எறங்கலாம்" என்பது சாவுக்கு வழி. எந்தத் தொட்டிக்குள்ளும் ஆள் இறங்கக் கூடாது. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்யவைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கசட்டை நாள் கணக்கில் மூடிய தொட்டியில் தேக்கி வைக்காதீர்கள். குழாயில் வாட்டர் சீலும் காற்றுப் போக்கியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இந்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: தினமும் ஜாரில் நின்ற அளவும், வெளியே எடுத்த கசட்டின் லிட்டரும் நோட்டில் எழுதப்பட வேண்டும், அந்த நோட்டின் நகலோடுதான் மாத பில் வர வேண்டும். புரட்டாசிக்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.